எல்லாருக்கும் நல்ல காது

சோடா பாட்டில் மூடியைவிட அற்பமான பொருள் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். நாலு நாள் பாட்டில் தலையில் உட்கார்ந்திருக்கும், பிறகு பெட்டிக்கடை வாசலில் மண்ணோடு மண்ணாக மிதிபடும். அந்த அற்பத்தைச் செய்ய ஆனேக்கல் ரோட்டில் ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு எம்.டி., எம்.டி.க்கு ஒரு ஏ.சி. கார், இத்தனைக்கும் அடியில் காதைக் கிழிக்கிற ஒரு சத்தம். ஒரு பக்கம் பிரஸ் மெஷின்கள் தகட்டை இடித்து வெட்டும். வெட்டின மூடிகள் தகரச் சரிவில் கொட்டிக்கொண்டே இருக்கும். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்து கேட்டிருப்பீர்கள். அது ஒரு ஷிப்டு முழுக்க, மூச்சுகூட விடாமல் பெய்தால் எப்படியோ அப்படி.

அந்த மழைக்கு நடுவில், ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நசுங்கின மூடியையும் விளிம்பு கோணின மூடியையும் பொறுக்கி எறிவது பாஞ்சாலியின் வேலை. ஆஸ்டின் டவுனிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். கல்யாணமான வருஷம் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது மகள் வீணா பத்தாவது படிக்கிறாள். நடுவில் எத்தனை கோடி மூடி கண்ணெதிரே ஓடியிருக்கும் என்று கேட்டால், "அத எண்ணிக்கினு இருந்தா மூளை கழண்டுடும், போய் வேலையப் பாரு" என்பாள். அவள் வாய் அப்படி.

பெல்ட்டில் நாற்பது பெண்கள். யாரும் கத்திப் பேசுவதில்லை. கத்தி என்ன பிரயோஜனம், பக்கத்தில் இருக்கிறவளுக்கே கேட்காது. உதட்டை அசைத்தால் போதும். பெல்ட்டின் அந்தக் கோடியில் இருக்கிறவள் தன் மாமியாரைத் திட்டினால், இந்தக் கோடியில் இருக்கிறவள் ஒரு சொல் விடாமல் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டு, பதிலுக்குத் தன் மாமியாரை அதைவிடக் கேவலமாகத் திட்டுவாள். மூக்கின்மேல் விரல் வைத்தால் கண்ணாடிக்காரர், அதாவது ஆட்களை மேய்க்கிற பர்சனல் ஆபீசர் சுதீர், வருகிறார் என்று அர்த்தம். வயிற்றைத் தட்டினால் கேன்டீன். ஒரு கண்ணை மட்டும் மூடினால், எவனோ எவளையோ பார்க்கிறான். புதிதாகச் சேர்கிற பெண்ணுக்கு மூடி பொறுக்க ஒரு வாரத்தில் பழகிவிடும். இந்தப் பேச்சு பழக ஆறு மாதம் ஆகும். பழகின பிறகுதான் அவளை ஒரு ஆளாகவே சேர்த்துக்கொள்வார்கள்.

பாஞ்சாலிக்கு ஒரே ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்தின் பெயர் முத்தம்மா. சொந்த அக்கா. இதே பெல்ட்டில் பாஞ்சாலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள். காது சுத்தமாகப் போய், கூப்பிட்டால் திரும்பாமல், ஒரு நாள் ஃபோர்க்லிஃப்டில் அடிபடப் பார்த்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். இப்போது பக்கத்துச் சந்தில் மருமகளிடம் இருக்கிறாள். "உடம்பு எப்படி இருக்கு?" என்றால் "சாப்டேன்" என்பாள். "வீணாவுக்கு பரீட்சை" என்றால் "சாப்டேன், சாப்டேன்" என்பாள். எல்லாரும் சிரித்தால் அவளும் சிரிப்பாள். எதற்கு என்று தெரியாது. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்பதும் தெரியாது. தெருப் பிள்ளைகள் அவள் முன்னால் நின்று சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடி வேடிக்கை காட்டும். பாஞ்சாலி செருப்பைக் கழற்றிக்கொண்டு துரத்துவாள். துரத்திவிட்டு வந்து, யாருக்கும் தெரியாமல் தன் காதைத் தேய்த்துப் பார்த்துக்கொள்வாள்.

ஏனென்றால் அவளுடைய இடது காதும் போய்க்கொண்டிருந்தது. உள்ளே எப்போதும் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். படுத்தால் அது இன்னும் ஜாஸ்தி. "எடது காதுதான் கொஞ்சம் மக்கர். வலது காது கத்தி மாதிரி" என்று எல்லாரிடமும் சொல்லுவாள். டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீணா கெஞ்சினால், "எங்கடி கத்துது, நாலு பேர் கேக்கற மாதிரி வெச்சா அது தப்பா?" என்று எரிந்து விழுவாள்.

இப்படி இருக்கையில், ரெண்டாயிரத்து மூணாம் வருஷம், கம்பெனிக்குத் திடீரென்று தொழிலாளிகளின் காதுமேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. தானாக வருமா? வெளிநாட்டு கூல்டிரிங்க்ஸ்காரன் ஒருவன் மூடி வாங்க வருவதாகச் சொன்னான். வாங்குவதற்கு முன்னால் ஷெட்டைப் பார்ப்பானாம், சத்தத்தை அளப்பானாம், ஆட்களின் காதில் ஏதாவது இருக்கிறதா என்று கவனிப்பானாம். அவ்வளவுதான், ஆபீஸ் ரூமில் கூட்டம் கூடியது. சுதீர், ஸ்டோர்ஸ் ரங்கா, இன்னொரு ஆம்பளை. மூவரும் ஏ.சி.யில் உட்கார்ந்து சத்தத்தைத் தடுக்கிற, பெரிய பெரிய கிண்ணம் வைத்த ஒரு ஹெட்போனைத் தலையில் மாட்டிப் பார்த்தார்கள். கண்ணை மூடி ரசித்தார்கள். "சூப்பர். நிம்மதியா இருக்கு" என்றார் சுதீர். ஏ.சி. ரூமில் எதை மாட்டினாலும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

அந்த மூன்று பேரில் ஒருவராவது கம்மல் போட்டவரா? இல்லை. நாற்பது பெண்களும் கம்மல் போட்டவர்கள். அந்தக் கிண்ணம் காதை அமுக்க, கம்மலின் திருகாணி காதுக்குப் பின்னால் எலும்பில் குத்த, டீ வேளைக்குள் பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா. கம்மலைக் கழட்டிட்டு மாட்டினா என்ன?" என்றார் சுதீர். அவருடைய தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவராம். மல்லேஸ்வரத்தில் வீடு. ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் பேசுவார். மூன்றிலும் புத்தி இருக்காது.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மூளிக் காதோட உக்காரணுமா சார்?" என்றாள் பாஞ்சாலி. "உங்க வீட்டுல சொல்லிப் பாருங்க. அப்புறம் உங்களுக்கு சோறு கிடைக்குதான்னு பாக்கலாம்."

கடைசியில் எல்லாரும் அந்தக் கிண்ணங்களைக் காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். காது முழுசாக வெளியே இருந்தது. வெளிநாட்டுக்காரன் வந்து பார்த்தான், போட்டோ பிடித்தான், 'குட், குட்' என்று போனான். பார்த்தவனுக்கும் கண் இல்லை, காட்டினவனுக்கும் வெட்கம் இல்லை.

அடுத்ததாக மஞ்சள் பஞ்சு வந்தது. விரலால் உருட்டிச் சின்னதாக்கிக் காதில் வைத்தால் உள்ளே போய் உப்பிக்கொள்ளும். நல்ல சாமான்தான், கை சுத்தமாக இருக்கிறவர்களுக்கு. மூடி பொறுக்குகிற கை எப்படி இருக்கும்? தகட்டுமேல் பூசுகிற எண்ணெய் விரலெல்லாம். அந்த விரலால் உருட்டி, அந்த எண்ணெயோடு காதுக்குள் திணித்தார்கள். ஒரு ஜோடி ஒரு மாதத்துக்கு என்று ரங்கா கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் துணி சோப்பில் துவைத்து, பாவாடை ரவிக்கையோடு கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார்கள். காய்ந்து வந்தது ரஸ்க் மாதிரி இருந்தது. அதையும் காதில் வைத்தார்கள். நம் ஆட்கள் தூக்கிப் போடுவார்களா எதையாவது?

பாஞ்சாலியின் பக்கத்து ஸ்டூல் ஜூடித்துக்குக் காதில் சீழ் வைத்தது. பிரேசர் டவுன்காரி, பாஞ்சாலியோடு ஒன்றாகச் சேர்ந்தவள், மாதா கோயில் கொயரில் பாடுகிறவள். டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள கிரீஸ் போட்டது யாரு? இது என்ன லாரியா?" என்று கேட்டாராம். மறுநாள் பாஞ்சாலி தன் காதிலிருந்த கறுத்த பஞ்சைப் பிடுங்கி எடுத்தாள். நேராகச் சுதீர் ரூமுக்குப் போனாள். அவர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இட்லி டப்பா மூடிமேல் அதை வைத்தாள்.

"இத உங்க காதுல வெச்சிக்கினு ஒரு ஷிப்டு உக்காருங்க சார். அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

சுதீருக்கு இட்லி இறங்கவில்லை. "சரிம்மா, நீங்களே செலக்ட் பண்ணுங்க. நீயும் ஜூடித்தும் கமிட்டி. சேம்பிள் வரவழைக்கறேன். ஆனா ஒண்ணு, பாக்கெட்ல இருக்கற நம்பர் பாத்து எடுக்கணும். நம்பர் ஜாஸ்தின்னா சத்தம் கம்மி."

"நம்பரு வலிக்காது சார். காதுதான் வலிக்கும்" என்றாள்.

அப்படிப் பிறந்தது காது கமிட்டி. கடைக்காரன் ஒரு சூட்கேஸ் நிறைய சாமான் கொண்டுவந்தான். கட்டையாக, நீளமாக, மெழுகில், ரப்பரில், பிளாஸ்டிக்கில். நம்பர் பெரிதாக இருந்த ஒன்றைச் சுதீர் ஆசையோடு நீட்டினார். ஜூடித் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏசப்பா! ஆணி அடிச்ச மாதிரி இருக்கு, அவரையே வெச்சுக்கச் சொல்லு" என்று பாஞ்சாலியிடம் உதட்டால் சொன்னாள். ரெண்டு பேரும் ஒரு முடிவு செய்தார்கள். ஆபீஸில் வைத்துப் பார்க்கிற வேலையே கிடையாது. பெல்ட்டில் உட்கார்ந்து, கம்மலோடு, கொண்டையோடு, வாயில் பாக்கைப் போட்டு மென்றுகொண்டு, சாப்பாட்டு மணிவரைக்கும் வைத்திருக்க வேண்டும். மெல்லும்போது தாடை அசைய அசைய சிலது வழுக்கி வெளியே வந்தது. சிலது உள்ளே இறுகி, கழற்றும்போது காதே கூட வந்துவிடும்போல இருந்தது. எல்லாம் ஆம்பளைக் காதின் அளவுக்குச் செய்தவை. பாஞ்சாலிக்கு ஒரு காதுக்குப் பொருந்தினது மறு காதுக்குப் பொருந்தவில்லை. "ரெண்டு காதும் ஒரே சைஸுன்னு எந்த மடையன் சொன்னான்?" என்று கேட்டாள்.

பத்துப் பதினைந்து நாள் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் ஒன்று கிடைத்தது. நீல ரப்பர். மூன்று மெல்லிய வளையம், மேலே சின்னது, கீழே கொஞ்சம் பெரியது. பிடித்துக்கொள்ள ஒரு காம்பு, ஆகவே எண்ணெய் விரல் உள்ளே போகிற இடத்தைத் தொட வேண்டியதில்லை. ரெண்டையும் சேர்த்து ஒரு கயிறு. கழற்றினால் கழுத்தில் தொங்கும். சோப்புத் தண்ணீரில் கழுவலாம், ரஸ்க் ஆகாது. சின்ன சைஸும் இருந்தது. கம்மலைத் தொடவே தொடாது. பாஞ்சாலி காலையில் வைத்தாள். சாப்பாட்டு மணிக்கு ஜூடித் தொட்டுக் காட்டும்வரை காதில் அது இருப்பதே மறந்துபோயிற்று. மழை எங்கேயோ நாலு தெரு தள்ளிப் பெய்தது. பேச்சுக்குக் குறைச்சலா? இவர்கள் பேச்சுக்குக் காது எதற்கு?

சேம்பிளாக வந்த ஜோடிகளை முதலில் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். அந்த வாரம் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாஞ்சாலி அப்படியே நின்றுவிட்டாள். தலைக்குள் அந்தக் 'கொய்ங்' இறங்கியிருந்தது. முழுசாகப் போகவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி இருந்தது பக்கத்து ஊர் மிக்ஸி மாதிரி ஆகியிருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் மிச்சம் இருக்கிறது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம், முத்தம்மாவைப் போலச் 'சாப்டேன், சாப்டேன்' என்று உட்கார வேண்டியதில்லை. வீணாவைக் கூப்பிட்டு, காரணமே சொல்லாமல் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தாள்.

நாற்பது பேருக்கும் ஆர்டர் போடுகிற நேரத்தில் எம்.டி.க்கு ஒரு யோசனை வந்தது. எம்.டி.களுக்கு யோசனை வந்தால் யாருக்காவது சனி பிடிக்கும். காது கெட்டிருக்கிறதா என்று தெரியாமல் எதற்குக் காசைக் கொட்டுவது? முதலில் எல்லாருக்கும் காது டெஸ்ட் எடுப்போம். சுதீர் பெல்ட்டை நிறுத்தி அறிவித்தார். "டெஸ்டுல ப்ராப்ளம் இருக்கறவங்கள பெல்ட்லேருந்து ஷிஃப்ட் பண்ணிடுவோம். உங்க நல்லதுக்குத்தான்."

"எங்க சார் ஷிஃப்ட் பண்ணுவீங்க?"

"பாக்கலாம்."

அந்தக் கம்பெனியில் 'பாக்கலாம்' என்றால் கேட்டுக்கு வெளியே என்று அர்த்தம். முத்தம்மாவுக்கும் 'பாக்கலாம்' என்றுதான் சொன்னார்கள். காது யாருக்குத்தான் சரியாக இருந்தது? கொயரில் பாடுகிற ஜூடித் ஒருத்திக்குத்தான் கொஞ்சம் உருப்படியாக இருந்தது. மற்றவர்களெல்லாம் வீட்டில் டி.வி.யை அலறவிடுகிறவர்கள்தான்.

டெஸ்டு வேன் வந்து நின்றது. உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு கண்ணாடி ஜன்னல். அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வேண்டும், காதில் 'கீ' என்று கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிரகாஷ் என்று ஒரு பையன், இப்போதுதான் படிப்பு முடித்தவன், பொத்தானை அமுக்குவான். பாவம், நல்ல பையன். ஆனால் முகத்தை ஜன்னலுக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். யார் முன்னால் உட்காருகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. இருநூறடி தூரத்தில் அசைகிற உதட்டைப் படித்துப் பிழைக்கிற கூட்டம் அது.

முதலில் போனவள் ஜூடித். இறங்கி வரும்போது அவள் முகம் பல்ப் போட்ட மாதிரி இருந்தது. வேன் படியில் நின்று வரிசையைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "அமுக்கறதுக்கு முன்னாடி கீழுதட்ட உள்ள இழுக்கறான். அத பாத்து விரல தூக்கு. எந்தக் காதோ அந்தப் பக்கம் கண்ணு போகுது. சின்ன சத்தம்னா லேசா முன்னாடி சாயறான்." முப்பத்தொன்பது தலைகள் ஆடின. சுதீர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

ஒவ்வொருத்தியாகப் போனாள், ஒவ்வொருத்தியாகப் பாஸானாள். பாஞ்சாலியும் போனாள். இடது காதுக்குப் பையனின் உதட்டைப் பார்த்தே விரலைத் தூக்கினாள். வலது காதுக்கு அந்தத் திருட்டுத்தனம் தேவையில்லை என்பது அவள் எண்ணம். ஆனாலும் கண் அதுபாட்டுக்கு உதட்டிலேயே நின்றது, விரல் அதுபாட்டுக்குத் தூக்கிக்கொண்டது. பிரகாஷ் மெஷினைத் தட்டிப் பார்த்தான். ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தான். "அம்மாடி, இப்படி காதுங்கள நான் பாத்ததே இல்ல" என்று சுதீரிடம் போய்ச் சொன்னான். முத்தம்மாவைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தால் அவளும் பாஸாகியிருப்பாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஒரே கும்மாளம். "எப்படி அவன் காதுல பூ சுத்துனோம் பாத்தியா?" என்று ஒருத்தி தொடையைத் தட்டிச் சிரித்தாள். பாஞ்சாலியும் வயிறு வலிக்கச் சிரித்தாள். வேலை தப்பிச்சுது. அதுதான் எல்லாருக்கும் பெரிசாகத் தெரிந்தது. பூ யார் காதில் சுற்றப்பட்டது என்று யோசிக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. நாற்பது தலை இருந்து என்ன புண்ணியம்?

அடுத்த வாரம் கேன்டீனில் ஆளுக்கொரு மைசூர்பாக்கு கொடுத்தார்கள். எம்.டி.யே நேரில் வந்து, இத்தனை வருஷம் வேலை செய்தும் ஒருத்தர் காதுக்கும் கெடுதல் இல்லை, இதுதான் நம் கம்பெனியின் பெருமை என்று பேசினார். வெளிநாட்டுக்காரனுக்கும் ரிசல்ட் போய்விட்டதாம், அவனும் சந்தோஷப்பட்டானாம். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் சுதீர் எழுந்தார்.

"சோ, இயர் ப்ளக் தேவையில்லன்னு மேனேஜ்மென்ட் டிசைட் பண்ணியிருக்கு. சேம்பிள் வாங்கினவங்க ரங்கா கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க. கயிறு அறுந்து மூடியில விழுந்தா நம்மளுக்குத்தான் தலைவலி. இனிமே ஸ்டோர்ல குடுக்காத எதையும் காதுல வெச்சுக்கிட்டு பெல்டுக்கு வரக்கூடாது. பஞ்சுகூட வேண்டாம்."

பாஞ்சாலி கடித்த மைசூர்பாக்கைக் கீழே வைத்துவிட்டாள். அன்று நீல ரப்பரைத் திருப்பிக் கொடுத்தபோது ரங்கா அதைக் காகிதத்தால் பிடித்து வாங்கினார், செத்த எலியை வாங்குகிற மாதிரி. நாலே நாளில் தலைக்குள் மிக்ஸி பக்கத்து வீட்டுக்குத் திரும்பிவந்தது. ஒரு வாரத்தில் தலையணைக்கே வந்துவிட்டது. அக்காவைப் பார்க்கப் போனாள். முத்தம்மா எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி அங்கே உட்காரவே இல்லை.

மறுநாள் டீ வேளையில் ஜூடித்தை ஒரு மூலைக்கு இழுத்துப்போனாள். "நான் போய் சொல்லப்போறேன்."

"என்னத்த?"

"எனக்கு எடது காது கேக்கல, டெஸ்டுல ஏமாத்துனேன்னு."

"ஐயோ மாதாவே! உனக்குப் பைத்தியமா? நீ ஏமாத்துனேன்னா அப்ப நாங்க? திருப்பி டெஸ்டு எடுப்பான். இந்த வாட்டி திரைய போட்டு மூடிக்கினு எடுப்பான். நாப்பது பேரும் கேட்டுக்கு வெளிய நிப்போம்."

"உங்க பேர எவ இழுக்கப்போறா? என் ஒரு காது, என் ஒரு வாயி. வலது காது நல்லாத்தான இருக்குது, அத வெச்சு பெல்ட்டுல உக்காருறேன், ஆனா ப்ளக்கு குடுங்கன்னு கேப்பேன். அவ்ளோதான்."

"குடுத்து கிழிச்சான். வீட்டுக்குப் போன்னுவான். வீணா பத்தாவது, ஞாபகம் வெச்சுக்கோ. பேடா பாஞ்சாலி, வேணாம், சும்னே இரு."

"முத்தம்மா சும்மாதான் இருந்தா" என்றாள் பாஞ்சாலி. நடந்துவிட்டாள்.

சுதீரின் ரூம் ஷெட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டத்தைத் தாண்டி. அங்கே மழை கேட்காது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கையைக் கட்டாமல் நின்று, தான் ஏமாற்றினதைச் சொன்னாள். தன் காதை மட்டும்தான் சொன்னாள். ஜூடித்தின் பேரோ வரிசையின் பேரோ வாயில் வரவில்லை.

சுதீர் சிரித்தார். "என்னம்மா பாஞ்சாலி, எல்லாரும் நல்லா கேக்குதுன்னு பொய் சொல்வாங்க. நீ கேக்கலன்னு சொல்றே. ப்ளக் கயிறு கழுத்துல அழகா இருக்குன்னு ஆசையா?"

பாஞ்சாலிக்கு உச்சி மண்டை கொதித்தது. "நீங்க சுவரு பக்கம் திரும்பிக்கினு பேசுங்க சார். எடது காத காட்டிக்கினு நிக்கறேன், வலது காத விரலால அடைச்சுக்கறேன். அப்ப தெரியும்."

"விரலெல்லாம் எதுக்கு? சும்மாவே பாத்துடலாம். ரெண்டு காதையும் தெறந்து வெச்சுக்கோ. பதில் சொல்லிட்டேன்னா ஓடிப்போய் வேலையப் பாக்கணும், ஒப்புக்கறியா?"

ஒப்புக்கொண்டாள். வலது காது கேட்டுவிடுமே என்று கவலையாகத்தான் இருந்தது. பரவாயில்லை, இந்த மனுஷன் பேசுவதைக் கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்று பொய் சொல்லிவிட வேண்டியதுதான். டெஸ்டுக்குச் சொன்ன பொய்க்கு இது ஈடு.

சுதீர் நாற்காலியை அப்படியே சுற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பின்கழுத்தில் பவுடர் திட்டாக இருந்தது. சுவரில் ஒரு காலண்டர். பாஞ்சாலி காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. அவர் பேசக் காணோம். என்ன கேட்கலாம் என்று யோசிக்கிறாராக்கும், இவ்வளவு படித்தவருக்கு ஒரு கேள்வி கேட்க இவ்வளவு நேரமா என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பொறுமை போய்விட்டது. "பேசுங்க சார், எவ்ளோ நேரம் நிக்கறது?" என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் சுதீர் நாற்காலியைச் சுற்றித் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "ஆய்த்தல்லா, முடிஞ்சுதா? எவ்ளோ கரெக்டா பதில் சொன்னே! போ, போ, வேலையப் பாரு. உன் காது ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று அவர் உதடு சொன்னது.

பாஞ்சாலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் வாயைத் திறக்கவே இல்லையே. திரும்பிப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பாதி திறந்த கதவின் இடுக்கில் ஜூடித் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் பாஞ்சாலியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்தவருக்கு இவள் குரலுக்கும் அவள் குரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை வருஷமாக எந்தக் குரலையாவது கேட்டிருந்தால்தானே தெரியும்.

தோட்டத்துக்கு வந்ததும் பாஞ்சாலி கையை உதறினாள். "என்னடி பண்ண? அவரு என்ன கேட்டாரு?"

"உன் பேரு என்னன்னு கேட்டாரு" என்றாள் ஜூடித். "ரெண்டு வாட்டி கேட்டாரு. சத்தமாத்தான் கேட்டாரு. நீ சும்மா நின்னுக்கினு இருந்தே. எனக்கு பயமாயிடுச்சு, பாஞ்சாலி சார்னு நானே சொல்லிட்டேன்."

பாஞ்சாலி அவளையே பார்த்தாள். ஜூடித்தின் கண்ணில் தண்ணீர் நின்றது. தலையைக் குனிந்தவள் மறுபடியும் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் பின்னாடியே நின்னு சொன்னேனேடி. அதுகூடவா கேக்கல?"

அந்தக் கேள்வியையும் பாஞ்சாலி அவள் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.